கிழித்துத் தைத்த வண்டி

முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவள் நான். கழுத்தில் எப்போதும் ஒரு டேப் தொங்கும். எதைப் பார்த்தாலும் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்றுதான் கண் போகும். எத்தனை கிலோ என்று யோசித்ததே கிடையாது. தையல் தொழிலில் தராசுக்கு வேலை இல்லை. டொயோட்டா லேண்ட் க்ரூசரைத் தங்கிப் பயணம் செய்யும் வண்டியாக மாற்றக் கிளம்பியபோது நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி இந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை.

வண்டி 200 வரிசை. வி8 டீசல், இரண்டு டேங்கும் சேர்த்து 138 லிட்டர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டி. ஏன் வேன் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். நல்ல சாலையிலேயே போகப் போகிறீர்கள் என்றால் வேன்தான் சரி, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், சட்டை மாற்றலாம். நான் போக நினைத்தது சாலை முடிந்த பிறகு வரும் இடங்களுக்கு. அங்கே வண்டியின் உடலுக்கு அடியில் தனி இரும்புச் சட்டமும் (சேஸி), நான்கு சக்கர ஓட்டமும், மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் லோ கியரும் வேண்டும். அதற்காக முதுகை வளைத்து வாழச் சம்மதித்தேன்.

தம்பி வெல்டர். முதல் நாளே இருக்கைகளைக் கழற்றினோம். மூன்றாம் வரிசை இருக்கைகள் இந்த வண்டியில் பக்கவாட்டில் மடிந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும். அவை போனதுமே ஒரு சுவரை இடித்த மாதிரி இருந்தது. இரண்டாம் வரிசையையும் எடுத்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை: இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் வயர். பேட்டரியைத் துண்டித்து, சில நிமிடம் பொறுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். இருக்கை எண்ணிக்கை குறைந்தால் பதிவிலும் காப்பீட்டிலும் சொல்ல வேண்டுமா என்பதையும் ஸ்பானரை எடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் என் டேப் வேலையைத் தொடங்கியது. முன் இருக்கைகளை முன்னுக்குத் தள்ளினால் அவற்றின் முதுகிலிருந்து பின் கதவு வரை 185 சென்டிமீட்டர். என் உயரம் 163. சக்கர வளைவுகளுக்கு நடுவே 110. தரையிலிருந்து கூரை 104. இந்த நான்கு எண்களையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஜாக்கெட்டுக்கு வெட்டுவதுபோல வண்டியின் உள்பக்கத்தை வரைந்தேன். ஒவ்வொரு மூலைக்கும் பொருந்தும் பெட்டி, இழுப்பறை, மேலே முழு அகலத்துக்குப் படுக்கை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் எல்லாம் செய்தோம். ஒரு விரல் கூட நுழையாத பொருத்தம். பார்க்கிறவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

வண்டிக் கூரையில் கேரியர், அதன் மேல் தம்பி படுக்கக் கூரைக் கூடாரம். பக்கத்தில் விசிறி போல விரியும் பெரிய பந்தல். பின்னால் இரண்டாவது ஸ்டெப்னிக்கு ஒரு இரும்புக் கை. உள்ளே ஃபிரிட்ஜ், இரண்டு லெட் (ஈய) பேட்டரி, எண்பது லிட்டர் தண்ணீர். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, தம்பி சொன்னதற்காக, சாமான் எல்லாம் ஏற்றி, இரண்டு டேங்கையும் நிரப்பி, நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்தபடியே எடை மேடையில் ஏற்றினோம்.

3,410 கிலோ.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் இந்த வண்டியின் மொத்த எடை வரம்பு 3,350 என்று இருக்கிறது. ஒரு ஆணி கூட அடிக்காத நிலையில், இருக்கை கழற்றி, டேங்க் நிரப்பி நிறுத்தியபோது 2,620 காட்டிய வண்டி அது. எங்கள் இருவர் எடை 140. அதைக் கழித்தால் 650 கிலோ சாமானை நான் என் கையால் வண்டிக்குள் தைத்து வைத்திருக்கிறேன்!

“ஸ்பிரிங்கை மாத்திடலாம் அக்கா, கனமானதா போட்டா தாங்கிக்கும்” என்றான் தம்பி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டியின் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். தகட்டில் இருக்கும் எண் மாறாது. பிரேக், அச்சு, பேரிங், டயர், சேஸி எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனிக்காரர்கள் போட்ட எண் அது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது, இறுக்கமான சட்டைக்குப் பெரிய பட்டன் வைக்கிற கதை.

அன்று வண்டியைத் திரும்ப எடை மேடைக்குக் கொண்டுபோய், முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டும், பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டும் வாங்கினேன். மொத்த எடையை விட இதுதான் எனக்குப் பாடம். பின்னால் தொங்கிய ஸ்டெப்னிக் கை, சக்கரத்தோடு சேர்த்து 65 கிலோ. ஆனால் பின் அச்சில் ஏறியது 65 அல்ல. இந்த வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.85 மீட்டர். ஸ்டெப்னி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. சீசாப் பலகையில் ஒரு குழந்தை ஓரத்தில் உட்கார்ந்த மாதிரி, அது பின் அச்சை அழுத்தி முன் அச்சைத் தூக்குகிறது. கணக்குப் போட்டால் பின் அச்சில் ஏறுவது 92 கிலோ, முன் அச்சில் குறைவது 27. ஸ்டியரிங் ஏன் எடையே இல்லாத மாதிரி லேசாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எடை கூட்டுவது ஒரு தப்பு, அதைக் கொண்டுபோய் வாலில் கட்டுவது இன்னொரு தப்பு. நான் இரண்டையும் செய்திருந்தேன்.

சரி, என் தொழிலில் பொருந்தாத உடுப்பை என்ன செய்வோம்? கிழித்துத்தான் தைப்போம். பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பினேன். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றையும் வைத்து, மேல் ஒரு டேப் ஒட்டி, கிலோவை எழுதினேன். தராசில் ஏறாததைக் கையில் தூக்கிக்கொண்டு நானே தராசில் ஏறி, என் எடையைக் கழித்தேன். அதற்கென்று போட்ட நோட்டு இன்னும் டாஷ்போர்டில் இருக்கிறது.

முதலில் விழுந்தது கூரை. கேரியர் 35, கூடாரம் 60. ஆக மொத்தம் 95 கிலோ, அதுவும் தலைக்கு மேல். வண்டிக் கையேட்டில் கூரை தாங்கும் எடை என்று போட்டிருப்பது ஓடும் வண்டிக்கு, கேரியரின் எடையையும் சேர்த்து. நிற்கும் வண்டியின் கூரையில் இரண்டு பேர் ஏறிப் படுக்கலாம், அது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆட்கள் நிறையப் பேர். சாய்வான பாதையில் மேலே இருக்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவிழ்க்கத்தான் பார்க்கும். தம்பிக்குத் தரையில் அடிக்கும் கூடாரம் ஒன்று வாங்கினோம். நாலு கிலோ. முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டான். ஏணியில் இறங்காமல் ராத்திரி எழுந்து போகலாம் என்று தெரிந்ததும் அமைதியாகிவிட்டான். ஸ்டெப்னிக் கை போனது. விசிறிப் பந்தல் 24 கிலோ, அதுவும் போனது. அந்த இடத்துக்கு நான் தைத்த ஒரு தார்ப்பாய், இரண்டு கம்பு, கயிறு, மூன்று கிலோ.

அடுத்து மரவேலை. ஒரு முழு பிளைவுட் ஷீட், நாலுக்கு எட்டு அடி, 18 மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 36 கிலோ, 12 மில்லிமீட்டரில் 24. கைதட்டு வாங்கிய என் பெட்டிகள் மட்டும் 140 கிலோ. இழுப்பறைகளின் எஃகுச் சறுக்குகள் தனியாக 22. அவற்றுக்குள் வைத்திருந்த துணிமணியும் பாத்திரமும் அதில் பாதி எடைகூட இல்லை. பெட்டி கனம், உள்ளே இருப்பது பஞ்சு.

இந்த இடத்தில்தான் முப்பது வருடத் தொழில் எனக்குக் கைகொடுத்தது. மரத்தில் ஏன் செய்ய வேண்டும்? மெல்லிய அலுமினியச் சட்டம் ஒன்றை மட்டும் தம்பி செய்துகொடுத்தான். அதன் மேல் 12 மில்லிமீட்டர் பலகை, பாரம் குறையவும் காற்று போகவும் வட்ட வட்டமாகத் துளை போட்டது. இழுப்பறைக்குப் பதிலாகக் கனமான கான்வாஸில் பைகள் தைத்தேன். ஒவ்வொன்றும் ஒன்றே கால் கிலோதான். வாய் அகலமாகத் திறக்கும், வேலை முடிந்தால் தட்டையாகிவிடும், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் கடகடக்காது. இரும்புச் சறுக்கு தூசியில் சிக்கிக்கொள்ளும் என்று நிறையப் பேர் புலம்புவார்கள். பைக்கு அந்தக் கவலை இல்லை. மரவேலை 140-லிருந்து சட்டம், பலகை, பைகள் எல்லாம் சேர்த்து 75-க்கு இறங்கியது.

தைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் பலசாலிதான், ஆனால் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். சாமானைக் கட்டும் பட்டைகளுக்கு ஒரே வரித் தையல் போதாது. ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போட்டுத் தைக்க வேண்டும். ஃபிரிட்ஜை வெல்க்ரோவில் கட்டி வைத்திருந்த ஒருவர் வண்டியைப் பார்த்திருக்கிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் வண்டியில் முன் இருக்கையில் உட்காரமாட்டேன்.

படுக்கையையும் மாற்றினேன். பழைய அமைப்பில் 38 சென்டிமீட்டர் பெட்டி, அதன் மேல் பத்து சென்டிமீட்டர் மெத்தை. மேலே மிச்சம் 56 சென்டிமீட்டர். சவப்பெட்டிக்குள் படுத்துப் பழகுகிற மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சந்தலைக்கு 84. அப்படியானால் படுக்கையில் உட்கார முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, இடது பக்கம் 65 சென்டிமீட்டர் அகலத்துக்கு மட்டும் படுக்கை வைத்தேன். வலது பக்கம் முன்புறம் வெறும் தரை, ஒரு திண்டு. அங்கே உட்கார்ந்தால் தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் இடம் இருக்கிறது. மழை நாளில் அந்த ஒரு சதுரம்தான் என் வீடு. முழு அகலப் படுக்கை வேண்டும் என்று அடம்பிடிக்கும் எல்லாரையும் ஒரு முழு மழை நாள் உள்ளே உட்காரவைத்துப் பார்க்க ஆசை.

சட்டத்தைத் தரையோடு பிணைக்க நான் டிரில்லை எடுத்ததும் தம்பி கையைப் பிடித்தான். “கீழே என்ன இருக்குன்னு குனிஞ்சு பார்த்தியா?” பார்த்தேன். டீசல் டேங்க். அதன் பிறகு ஒரு துளையும் போடவில்லை. கழற்றிய இருக்கைகளின் போல்ட் துளைகளே சேஸிக்கு அடுத்தபடி உறுதியான இடம். எல்லாவற்றையும் அங்கேயே பிணைத்தோம்.

கரண்ட் விஷயத்தில் ஒரு மாதம் அழுதேன். ஃபிரிட்ஜ் ராத்திரியில் நின்று நின்று போகும். பேட்டரியில் அளந்தால் 12.4 வோல்ட், நன்றாகத்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் பழுது என்று முடிவுகட்டிவிட்டேன். குற்றவாளி வயர். பின்பக்கம் ஏற்கெனவே இருந்த லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தேன், அதற்கு வரும் வயர் ஒன்றரை சதுர மில்லிமீட்டர்தான். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். ஃபிரிட்ஜ் 6 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே 0.7 வோல்ட் காணாமல் போகிறது. ஃபிரிட்ஜுக்குக் கிடைப்பது 11.7. ஃபிரிட்ஜில் பேட்டரியைக் காப்பாற்றும் அமைப்பை உயர்ந்த நிலையில் வைத்திருந்ததால், வோல்ட் 11.8-க்குக் கீழே போனதும் ஃபிரிட்ஜ் தன்னை அணைத்துக்கொண்டது. தன் கடமையைச் செய்திருக்கிறது, பாவம். ஆறு சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்தோம், இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. வயர் தொடங்கும் இடத்திலேயே, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ். ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவழியில் வயர் உரசித் தேய்ந்து வண்டிக்கூட்டில் பட்டால் எரியப் போவது வண்டி.

பேட்டரியும் எடைக்கு உதவியது. 100 ஆம்பியர் மணி லெட் பேட்டரி ஒன்று 29 கிலோ, அதில் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவழிக்கலாம். இரண்டு வைத்தால் 58 கிலோவுக்கு உபயோகம் 100. அதே 100-ஐ லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோவில் கொடுத்தது. ஆனால் அதை, எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் நேரடியாகக் கட்டிவிடக் கூடாது; அது முழுதாக நிரம்ப 14.4 வோல்ட் அளவு வேண்டும், நடுவில் வோல்ட்டை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தேன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஆகையால் வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சோலார் பேனல் மடிக்கும் ரகம். வண்டி நிழலில் நிற்கட்டும், பேனல் வெயிலில் கிடக்கட்டும்.

தண்ணீரை எண்பதிலிருந்து நாற்பது லிட்டராக்கினேன். இரண்டு இருபது லிட்டர் கேன், இரண்டாம் வரிசையில் கால் வைக்கும் பள்ளத்தில், முன் இருக்கைகளுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியது. வண்டியில் அதுதான் தாழ்வான, நடுவான இடம். கனமானது எல்லாம் அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான். துணி, மெத்தை, கூடாரம் பின்னால் போகட்டும்.

சமையல் பின் கதவில். இந்த வண்டியின் பின் கதவு இரண்டாகப் பிளக்கும். மேல் பாதி குடையாகும், கீழ்ப் பாதி மேடையாகும். மழை என்றாலும் அடுப்பை உள்ளே கொண்டுவருவதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவரை எழுப்பாது. உள்ளே அடுப்பு எரிவதே இல்லை என்றாலும் அதற்கான ஒரு அலாரம் தலைமாட்டில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த வேலை ஜன்னல் மறைப்புகள். செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டி, ஓரத்தை விரல் நகத்தால் கீறி மாதிரி வெட்டினேன். வெளியே வெள்ளிப் பூச்சுள்ள குமிழ்த் தாள், உள்ளே கறுப்புத் துணி, ஓரத்தில் நாடா. இறுகப் பொருந்தி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விடிந்து பார்த்தால் எல்லாக் கண்ணாடியிலும் தண்ணீர் வழிகிறது, மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. ஒரு ஆள் இரவெல்லாம் விடும் மூச்சில் ஒரு டம்ளருக்குக் குறையாத நீர் இருக்கிறது. அது போக வழியே விடாமல் நான் தைத்து அடைத்துவிட்டேன். இப்போது எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டு விரற்கடை திறந்தே இருக்கும், அந்த இடத்தில் கொசுவலை. மெத்தைக்கு அடியில் காற்று போகும் விறைப்பான வலைத் துணி ஒரு அடுக்கு. குளிர்ந்தாலும் ஜன்னலை மூடுவதில்லை. போர்வையைத்தான் இன்னொன்று சேர்க்கிறேன்.

குளியல், கழிப்பிடம் பற்றிக் கேட்கிறார்கள். வாளி, மறைப்புத் துணி, மண்வெட்டி. அவ்வளவுதான், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

டயர் பற்றி ஒரு வரி. பக்கச் சுவரில் சுமைக் குறியீடு 116 என்றிருந்தால் ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும். ஆனால் உரிய காற்று இருந்தால் மட்டும். மணலுக்காகக் காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்குங்கள், தார்ச் சாலை வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். பள்ளமும் மேடுமாக வரிவரியாக இருக்கும் மண் பாதை எந்த நட்டையும் கழற்றிவிடும். ஒவ்வொரு போல்ட் தலையிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறோம். காலையில் ஒரு சுற்று வந்தால் போதும், கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

மறுபடி எடை மேடை. டேங்க் நிரம்பி, சாமான் ஏற்றி, நாங்கள் இருவரும் உள்ளே. 3,080. பழைய 3,410-லிருந்து 330 கிலோ குறைவு. வண்டி பிரேக்கில் நிற்கும் விதமே மாறிவிட்டது. ஸ்பிரிங்கை இந்த எடைக்குப் பார்த்து அதன் பிறகுதான் வாங்கினோம், தம்பி முதலில் சொன்னதை விட ஒரு படி மென்மையானது.

போன வாரம் அவன் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து நின்றான். கையை வைக்க இடம், டம்ளர் வைக்கப் பை எல்லாம் உள்ள பெரிய நாற்காலி. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், “நாலரை கிலோ அக்கா, எழுதிட்டேன்” என்று நாற்காலியின் காலில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினான். எதை இறக்குகிறாய் என்று கேட்டேன். வண்டியைச் சுற்றி வந்து, கொஞ்ச நேரம் நின்று, தன் பெரிய சுத்தியலை எடுத்து வீட்டுத் திண்ணையில் வைத்தான்.